உப்பு ஊற்றிய குழி

ஆய்வாளர் பதினோரு மணிக்கு வருகிறார் என்றார்கள். எட்டு மணிக்கே நான் உப்பைக் கரைக்க உட்கார்ந்துவிட்டேன். கல்லுப்பு சீக்கிரம் கரையாது, கையை விட்டுக் கலக்க வேண்டும். கையில் எங்காவது கீறல் இருந்தால் அப்போது தெரியும். என் தொழிலில் கீறல் இல்லாத கை கிடையாது. இருபது லிட்டர் கேனுக்கு மூன்று கிலோ என்பது நானாகக் கண்டுபிடித்த அளவு. டவரின் அடியில் மூன்று குழிகள், குழிக்கு இரண்டு கேன். சிமெண்டு மூடியை நகர்த்தி மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் விளிம்பில் வழிந்து, காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் வருடம் அப்படித்தான் பூத்தது. பல்லிதான் ஓடிவந்து இரண்டு சட்டி மண்ணை அள்ளிப் போட்டு மூடினான்.

பல்லி என்பது டவர் ஏறுகிறவன். நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆண்டெனாவின் ஆணியை முடுக்குவான். நான் தரைக்காரன். பூமிக்குள் குழாய் இறக்குவது, செம்புப் பட்டையை இணைப்பது, மீட்டர் வைத்து அளப்பது என் பாடு. அதனால் எனக்கு எர்த்து என்று பெயர். ஆம்புலன்ஸ் வயர்லெஸுக்கான ஏழு டவர்களுக்கு நாங்கள் இரண்டு பேர். அன்றைக்கு அவன் நிழலில் உட்கார்ந்து நான் ஊற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

“உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்பாங்க. உன் பூமி ரெண்டையும் ஒண்ணாவே குடிக்குதேய்யா” என்றான்.

என் தொழிலைப் பற்றி ஊரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. டவர் உச்சியில் கூராக ஒரு கம்பி நிற்கிறதே, அது இடியைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். இடியை எவனாலும் தடுக்க முடியாது. அது வருகிறபோது வரும். வந்தவனுக்கு வாசல் எது என்று காட்டுவது மட்டும்தான் எங்களால் ஆகிற காரியம். உச்சிக் கம்பியில் விழுந்து, செம்புப் பட்டை வழியாக இறங்கி, குழிக்குள் போய் மண்ணில் கரைய வேண்டும். மண் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அது திரும்பிப் போகாது. வேறு வழி தேடும். ஆண்டெனாவிலிருந்து அறைக்குள் போகிற கேபிள் இருக்கிறது, கேபிளின் முனையில் வயர்லெஸ் செட் இருக்கிறது, செட்டின் முனையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார்.

மண் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதை மீட்டரில் பார்க்கலாம். மின்தடை ஐந்து ஓமுக்குக் கீழே இருந்தால் நல்ல மண். இந்த டவர் நின்றது ஒரு பாறைக் குன்றில். மேலே இரண்டடி மண், கீழே முழுப் பாறை. உப்பு ஊற்றாமல் வைத்தால் மீட்டர் நாற்பதுக்குக் கீழே இறங்காது. உப்பு ஊற்றிய அன்று மட்டும் இரண்டில் நிற்கும். நாலைந்து நாளில் வடிந்து பழையபடி ஆகிவிடும். ஆனால் ஆய்வாளர் ஒரு நாள்தானே வருகிறார். ஆறு வருடமாக, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இதுதான் எங்கள் நடைமுறை. எனக்கு முன்னால் இருந்தவரும் இதைத்தான் செய்தார். ஊற்றுவதற்கு இரண்டு கேன்களை அவர்தான் விட்டுப்போனார்.

ஆய்வாளர் பதினொன்றரைக்கு வந்தார். வெயிலுக்குள் இறங்கவில்லை. நான் முளைகளை அடித்து, ஒயரை இழுத்து, பொத்தானை அழுத்தினேன். இரண்டு புள்ளி ஒன்று. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே சூப்பர்வைசர் போட்டார். அதன் கீழே ஆய்வாளர் போட்டார். டீ வந்தது.

அவர் வண்டி இறங்கிப் போனதும் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார். இரண்டு வருடமாக அக்காவுக்கு வேலை கேட்டுக்கொண்டிருந்தாயே, ஆபரேட்டர் இடம் ஒன்று காலியாகிவிட்டது, திங்கட்கிழமை வரச்சொல் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கையில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது, அதோடேயே அவரைக் கும்பிட்டேன். எந்த ஸ்டேஷன் சார் என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“எந்த ஸ்டேஷனா? இதோ, இங்கதான்யா” என்றார்.

அக்கா பதினோரு வயதில் கல் உடைக்கப் போனவள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள் அவள். முப்பது வருடம் குவாரியில் ஜல்லிக் கூடை சுமந்தாள். அவளைக் கட்டிய மாமா ஒரு வெடிக்குப் பயந்து ஓடினவர், வெடி வெடித்த பிறகும் திரும்பி வரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். போன வருடம் கூடையோடு சறுக்கி விழுந்ததில் வலது முட்டி போய்விட்டது. மடக்கினால் நிமிர்த்த முடியாது, நிமிர்த்தினால் மடக்க முடியாது. அதற்கப்புறம் குவாரியில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரிப் பள்ளியில் படித்து எழுத்து கற்றவள், குரல் கணீரென்று இருக்கும். வெடி வைக்கும்போது ஆட்களை விலகச்சொல்லிக் கத்துகிற வேலையைப் பல வருடம் அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை பத்தடிக்கு எட்டடி. ஒரு மேசை, சுவரில் வழித்தட வரைபடம், வயர்லெஸ் செட், ஹெட்போன், சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று. திங்கட்கிழமை அவளைக் கொண்டுபோய் விட்டேன். நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இது ஆடுதே என்றாள். சுழலும் அக்கா, உட்காரு என்றேன். உட்கார்ந்ததும் இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல். ஒரு வாரத்தில் பழைய புடவையை மடித்துத் தைத்து அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை போட்டுவிட்டாள்.

அந்த நாற்காலி எப்படிக் காலியானது என்பது எனக்குத் தெரியும். முந்தைய ஆபரேட்டர் பெண்ணுக்கு இடது காது போய்விட்டது. காய்ச்சலில் போனதாக ஃபைலில் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்ததும் உண்மை, இடி விழுந்த மறுநாள் வந்தது. அன்று காலையில் அந்த அறைக்குப் போனவன் நான். கேபிள் சுவருக்குள் நுழைகிற இடத்தில் இருந்த பெட்டி கருகியிருந்தது. ஹெட்போனின் இடது பஞ்சில் பட்டாணி அளவு ஓட்டை. சுவரில் இருந்த கரியைத் துணியால் துடைத்து, புதுப் பெட்டி மாட்டி, புது ஹெட்போன் வைத்துவிட்டு வந்தேன். பழையதைக் குப்பையில் போட்டேன். அப்போது யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அது அடுத்தவர் காது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் பல்லியும் ஒரு குழியைத் தோண்டினோம். உப்பு ஊற்றாமல் மீட்டர் அறுபத்தெட்டு காட்டியது. முன்னெல்லாம் நாற்பது என்றேனே, அது அறுபத்தெட்டு ஆகியிருந்தது. ஏன் என்று தோண்டினதும் தெரிந்தது. மணிக்கட்டுப் பருமனில் இறக்கிய இரும்புக் குழாய், பாதிக்குக் கீழே இல்லவே இல்லை. மேலே மிச்சமிருந்தது சப்பிப் போட்ட கரும்பு மாதிரி நார் நாராகக் கழன்று வந்தது. செம்புப் பட்டை சேர்கிற இடத்தில் பச்சைப் பொடி. பல்லி ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினான், தூளாகி உதிர்ந்தது.

“இத யாருய்யா தின்னது?” என்றான்.

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். குழாயைச் சுற்றிக் கரியும் கொஞ்சம் உப்பும் போட்டு மூடுவது வழக்கம்தான். நான் ஊற்றியது அது இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு குழிக்கு நாற்பது லிட்டர், ஆறு வருடம். கூட்டிப் பார்க்கத் தெம்பில்லை. ஒரு நாளைக்கு நல்ல மண் என்று காட்டுவதற்காக ஊற்றியதே மண்ணுக்குள் இருந்ததைத் தின்று தீர்த்திருந்தது.

திங்கட்கிழமை புதுத் தாளில் அறுபத்தெட்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். மூன்று செம்புக் கம்பிகள் வேண்டும், பாறையைத் துளைக்கிற மெஷின் நான்கு நாள் வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்துகிறவர் இல்லை. பீரோவைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். பன்னிரண்டு தாள்களையும் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் இரண்டுக்குப் பக்கத்தில்.

“இது யாரு கையெழுத்து?”

“என்னுதுதான் சார்.”

“இதுல எது பொய்?”

“பன்னெண்டும்.”

“அப்ப பதிமூணாவது மட்டும் நெசம்னு நான் எப்படிய்யா நம்புறது?”

என் கையெழுத்துக்குக் கீழே பன்னிரண்டிலும் அவர் கையெழுத்து இருந்தது. அவர் அதைக் காட்டவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அவரே கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார். இந்தத் தாளை மேலே அனுப்பினால் முதலில் வருவது செம்பு இல்லை, விசாரணை. நீ வீட்டுக்குப் போவாய். நீ சொல்லிச் சேர்த்த ஆள் என்று உன் அக்காவையும் அனுப்புவார்கள். அந்த நாற்காலியில் வேறு ஒருத்தர் வந்து உட்காருவார். செம்பு வந்துசேர இரண்டு மழை போகும். அப்போதும் குழியில் உப்பு ஊற்ற ஒரு ஆள் வேண்டியிருக்கும், அது நீயாக இருக்கமாட்டாய். இதில் யாருக்கு என்ன லாபம் சொல்லு என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். மீட்டர் பழசாகிவிட்டது, புது மீட்டருக்கு எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

நாமே இறக்கிவிடலாம் என்று பல்லி சொன்னான். பழைய டவர் ஒன்றைப் பிரித்தபோது ஒளித்து வைத்திருந்த குழாய் ஒன்று அவனிடம் இருந்தது. கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டுவந்தோம். இரண்டடி மண் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்குக் கீழே கடப்பாரை விழுந்த ஒவ்வொரு தடவையும் தோள்வரை ஏறியதே தவிர, பாறையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைக்கோடுதான் விழுந்தது. மதியம்வரை மாற்றி மாற்றி அடித்ததில் நாலு விரற்கடை இறங்கியது.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா காலை இழுத்துக்கொண்டு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எதுக்குடா இப்படி உசுர விடுறீங்க? இது வெடி வச்சாத்தான் பொளக்கும். கடப்பாரைக்கெல்லாம் மசியாது” என்றாள். முப்பது வருடம் பாறையோடு இருந்தவள், நிறத்தைப் பார்த்தே சொன்னாள்.

பல்லி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனான். நான் சொன்னேன். உப்பையும் சொன்னேன், தாள்களையும் சொன்னேன், காய்ச்சலில் போன காதையும் சொன்னேன். அவள் குழியையே பார்த்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் ஒரு பென்சில் திருடினதற்கு முதுகுத்தோலை உரித்தவள் அவள். நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வா, வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“வேற என்ன இருக்கு?”

நான் கடப்பாரை முனையில் ஒட்டியிருந்த பாறைத்தூளைத் துடைத்தேன்.

“நின்னு பொழைச்சது போதும்டா. சாவுறதுன்னா இனி உக்காந்தே சாவுறேன்.” திரும்பி நாலு அடி நடந்தவள் நின்றாள். “அந்தப் பொண்ணுக்கு எந்தக் காதுன்னு சொன்ன?”

“இடது.”

“எனக்கு எடது காது ஏற்கெனவே வெடியில பாதிதான் கேக்கும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் கடப்பாரையை எடுத்து மறுபடி அடித்தேன்.

முதல் மழை பத்து நாள் கழித்து வந்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தபோது நான் அந்த ஸ்டேஷனில்தான் இருந்தேன். அவள் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் அறைக்குள் போய், சுவர்ப் பெட்டியிலிருந்து ஆண்டெனா கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். கேபிள் அறைக்குள் இல்லை என்றால் இடிக்கு அறைக்குள் வர வழி குறைவு. அவள் வந்து ஹெட்போனை மாட்டினாள். இரைச்சல்கூட இல்லை. செட் கெட்டுப்போனது என்று நினைத்துப் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினாள். நான் வெளியே சுவரோடு ஒட்டி நின்றேன். இருபத்தைந்து நிமிடம். மழை கொட்டியது, இடி எங்கோ தூரத்தில் விழுந்து போய்விட்டது. உள்ளே போய் அவள் கண்ணெதிரிலேயே கேபிளைத் திரும்ப மாட்டினேன்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு ஆம்புலன்ஸ் உடைந்த பாலத்தின் இந்தப் பக்கம் வந்து நின்று, எந்த வழி போவது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறது. அந்தப் பக்கம் பிரசவ வலியில் ஒருத்தி. தாய் பிழைத்தாள். குழந்தையைப் பற்றி டிரைவர் சொல்லவில்லை, அக்கா கேட்கவும் இல்லை. செட் ஏன் பேசவில்லை என்று அவளிடம் விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. அன்று சாயங்காலம் என்னைப் பார்த்தபோது அவள் குரல் உயரவே இல்லை.

“மழை பெய்யிறப்பத்தான் ஜனம் விழும், வண்டி கவிழும், பாலம் போகும். அப்பத்தான் நான் அங்க இருக்கணும். இன்னொரு தடவ நீ அந்த ஒயரத் தொட்ட, எனக்குத் தம்பி இல்ல.”

அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

இப்போது என்னால் ஆகிற ஒரே காரியம் எனக்கு ஆறு வருடமாகப் பழகியதுதான். வானிலையில் மழை என்று சொன்னால், மற்ற டவர் வேலையைப் பல்லியிடம் விட்டுவிட்டு, உப்பு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கடைக்காரர், என்னய்யா மீன் யாவாரம் ஆரம்பிச்சிட்டியா என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஆய்வாளர் யாரும் வருவதில்லை. தாள் எதுவும் நிரப்புவதில்லை. குழாயில் மிச்சமிருக்கிற நாரை இது இன்னும் வேகமாகத் தின்னும் என்று தெரியும். ஊற்றினால் அன்றைக்குப் பதினைந்துக்கு இறங்குகிறது. ஒரு குழியைத் தோண்டிக் கலைத்த பிறகு முன்போல இரண்டுக்கு இறங்குவதில்லை. பதினைந்து என்பது எதற்கும் பத்தாது. ஊற்றாவிட்டால் அறுபத்தெட்டு, அல்லது அதற்கும் மேல். ஒவ்வொரு கேனும் இன்றைக்குக் கொஞ்சம் கொடுத்து நாளையிலிருந்து நிறைய எடுத்துக்கொள்கிறது. முழு மழைக்காலத்தையும் இந்தக் குழாய் தாண்டாது. போன வாரம் பல்லி மேலே ஏறி, உச்சிக் கம்பியின் கூர் உருகி மொட்டையாகி இருப்பதாகச் சொன்னான். எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். ஒரு நாள் ஏதோ பல் கூசுகிற மாதிரி இருந்தது என்றாள், அவ்வளவுதான்.

இன்றைக்கும் மத்தியானத்திலிருந்தே காற்று நின்றுவிட்டது. மூன்று மணிக்கு மேற்கில் கருத்தது. முதல் குழியில் இரண்டு கேன் ஊற்றினேன், உறிஞ்சிக்கொண்டது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது நாங்கள் கடப்பாரையால் அடித்த குழி. அதில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. பாறைமேல் அப்படியே நின்றது. இரண்டாவது கேனைப் பாதி ஊற்றி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அது இறங்கட்டும் என்று குத்தவைத்துக் காத்திருந்தேன். விரல் கீறல்களில் எரிந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நாற்காலி கிரீச்சென்று ஒரு பக்கம் திரும்பியது. எங்கேயோ முதல் அழைப்பு வந்துவிட்டது.

“கேக்குது, சொல்லுங்க” என்றாள் அக்கா. “தெளிவாக் கேக்குது. எந்த எடம்?”

குழியில் நின்ற தண்ணீர் தெளிந்துகொண்டு வந்தது. அதற்குள் டவர் தலைகீழாக, மொட்டை முனை பாறையைத் தொட்டபடி நின்றது. அதன்மேல் ஒரு துளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. நான் கேனை மறுபடி சாய்த்தேன்.